வாலையில் வடித்த பன்னீர்: மூன்று முயற்சிகள்

16-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் மான்ஸ்ஃபெல்ட் சீமாட்டி டொரோதியா (1493–1578) பூவையும் மூலிகையையும் வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிர்வித்து நீராக இறக்கும் பாத்திரத்தில், வடித்து மருந்து செய்தார். ஏழைகளுக்குச் சும்மாவே கொடுத்தார். சாக்ஸனி ஆட்சியாளரின் மனைவி அன்னா அவரிடம்தான் இந்தக் கைவேலையைக் கற்றார். அன்னா பெற்ற பிள்ளைகள் 15. வளர்ந்து ஆளானவர்கள் நான்கே பேர். பொழுதுபோகாமல் அடுப்பின் முன் உட்கார்ந்தவர் அல்ல அவர்.

வடித்த நீரை அங்கே ‘எரித்த நீர்’ என்றார்கள். நம் சித்த மருத்துவத்தில் தீநீர். இந்த ஒற்றுமையைக் கண்ட அன்றே செய்து பார்க்க ஆசை வந்துவிட்டது. அந்த இரு பெண்களும் பேர்போனது சாராய வடிப்பில்; வீட்டில் அதற்குச் சட்டம் இடம் தராது. அதனால் பன்னீர் மட்டும்.

முதல் ஞாயிறு: கால் கிலோ பன்னீர் ரோஜா இதழ், மூழ்கத் தண்ணீர், நடுவில் முக்காலி மேல் கிண்ணம், மூடியைக் கவிழ்த்து அதன்மேல் ஐஸ். தீயைக் கூட்டிவிட்டேன். 20 நிமிடத்தில் கிண்ணம் நிறைந்தது. முகர்ந்தால் வெந்த கீரை வாடை. இதழெல்லாம் பழுப்பு.

இரண்டாவது தடவை சிறு தீ. மூடி விளிம்பில் ஆவி கசிந்ததால் மைதாவைப் பிசைந்து அப்பினேன், வாலைக்குச் சீலைமண் (துணியோடு சேர்த்த களிமண்) பூசுவதுபோல. அந்தக் கால ஜெர்மனியில் மாவோடு முட்டை வெள்ளையைக் குழைத்துப் பூசுவார்களாம். 200 மில்லி வந்தது. மணம் பரவாயில்லை, ஆனால் கடைசியில் இறங்கிய நீர் முன்னதைக் கெடுத்துவிட்டது. சீக்கிரமே நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை அசத்தியது. 1500-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அச்சான, ஹீரோனிமஸ் புருன்ஷ்விக் எழுதிய வடிப்பு நூலில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வடிக்கும் முறை உண்டு. அதேபோல் இதழை மட்டும், ஒரு சொட்டு நீர் சேர்க்காமல், தூக்குவாளியில் போட்டு, அண்டாவில் கொதிக்கும் தண்ணீருக்குள் இறக்கினேன். மூன்று மணி நேரம். ஐஸை ஆறு முறை மாற்றினேன். முதல் ஒரு மணி நேரம் எதுவுமே இறங்கவில்லை. பிறகு மூடியின் குமிழில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. கண்ணாடி மூடி என்பதால் கண்ணாரப் பார்த்தேன்.

கிடைத்தது 40 மில்லிதான். ஆனால் விடியற்காலை பூக்கூடையைத் திறந்த மணம்! இதழின் சொந்த நீர் அது. வருஷம் முழுக்க வேண்டிய மருந்தை இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க எத்தனை கூடை பூ, எத்தனை விறகு, இரவில் தீயைக் காக்க எத்தனை கைகள் வேண்டியிருந்திருக்கும்! அன்னா தன் அன்னாபுர்க் மாளிகையில் வடிப்பதற்கென்றே தனிக்கூடம் வைத்திருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

அந்தக் காலத்தில் ‘ரோஜாத் தொப்பி’ என்ற கூம்பு மூடி ஒன்று இருந்தது. காற்றிலேயே குளிர்ந்து, உள்விளிம்புப் பள்ளத்தில் நீரைச் சேர்த்து மூக்கு வழியே வெளியே விடும். அதைச் செம்புத் தகட்டில், உள்ளே வெள்ளீயம் பூசி, பாத்திரப் பட்டறையில் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ஒரு கிலோ இதழோடு உட்கார வேண்டும்.