கேள்வித்தாள் இல்லாத படிப்பு

தென்னாப்பிரிக்காவுக்கு முதுநிலைப் பொறியியல் படிக்க வரலாமா என்று எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விசாவையும் கட்டணத்தையும் பற்றித்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இங்கே ஆய்வேட்டின் வழியாகப் பெறும் முதுநிலைப் பட்டத்தில் பாடத்திட்டமும் இல்லை, கேள்வித்தாளும் இல்லை. கேள்வியை நாம்தான் கொண்டுவர வேண்டும். தஞ்சாவூரில் நான்கு ஆண்டுகள் மின்னியல் படித்து, 13 மதிப்பெண் வினாவுக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்த எனக்கு, இந்த ஒன்று மட்டும் வெகுநாள் கைவரவில்லை.

முதலில் அந்த ஒரு பத்தி. நம் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, பண வசதிக்கான வங்கி ஆவணங்கள் ஆகியவற்றோடு, இந்த நாட்டில் பதிவு பெற்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் வேண்டும். படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. நம் ஊர் வழக்கப்படி ஜூனை மனத்தில் வைத்துக்கொண்டு காவல்துறைச் சான்றுக்குத் தாமதமாக விண்ணப்பித்த நான், 2023 மார்ச் நடுவில்தான் டர்பனில் வந்து இறங்கினேன். அது என் தவறு.

இந்நாட்டின் தகுதிச் சட்டகத்தில் முதுநிலைப் பட்டம் 9ஆம் நிலையில் வருகிறது. குறைந்தது 180 அலகுகள். ஓர் அலகு என்பது 10 மணி நேர உழைப்பு என்பதால் மொத்தம் 1800 மணி நேரம். அத்தனையும் ஒரே கேள்விக்கு. வந்த முதல் வாரத்தில் என் கையில் ஒரு முன்மொழிவு தயாராகவே இருந்தது: சூரியத் தகடுகளிலிருந்து உச்ச மின்திறனை எடுப்பதற்கு நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்தும் முறை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுச் செயல்திட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைப்பு தூக்கத்திலும் நினைவிருக்கும். நெறியாளர் அதை இரண்டு நாள் வைத்திருந்து, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "இந்தக் கேள்வி யாருக்கு இருக்கிறது?" இரண்டாவது முன்மொழிவும் அதே கதியைத்தான் அடைந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை, காத்திருந்தார். கேட்கவும் அதட்டவும் ஆள் இருந்தே பழகிய எனக்கு அந்தக் காத்திருப்புத்தான் தாங்க முடியாததாக இருந்தது. நூலகத்துக்குப் போவதும், நாற்பது கட்டுரைகளைத் தரவிறக்கிவிட்டு ஒன்றையும் முடிக்காமல் வீடு திரும்புவதுமாக நான்கு மாதங்கள் ஓடின.

வீடு என்றது சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆண்ட்டியின் வீட்டில் நான் வாடகைக்கு இருந்த பின்னறையை. சாட்ஸ்வொர்த், இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிகள் சட்டத்தின்படி, டர்பன் நகரின் பல மூலைகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய 1960களின் குடியிருப்பு. மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனில் நங்கூரமிட்டது 1860 நவம்பர் 16 அன்று. ஆண்ட்டியின் பாட்டனார் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஆண்ட்டி பேசுவது ஆங்கிலம்தான். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தைப் பார்த்து ராகம் பிசகாமல் பாடுவார். என்னிடம் மட்டும் தமிழில் பேச முயல்வார், அந்தத் தமிழில் நான் கேட்டிராத பழைய சொற்கள் சில இருக்கும்.

என் கேள்வி ஓர் ஆடி மாத விடியலில் வந்தது. இங்கே ஆடி குளிர்காலம். மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் நாள். அதைப் 'பாரிஜ் பிரேயர்' என்கிறார்கள். அன்று அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரை எங்கள் பகுதிக்கு மின்வெட்டு. தென்னாப்பிரிக்காவில் 2007இன் இறுதியில் தொடங்கிய இந்தச் சுழற்சி மின்வெட்டு 2023இல் உச்சத்தில் இருந்தது. உற்பத்தியைவிடத் தேவை மிகுந்தால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியத் தொடங்கும். அது எல்லை மீறினால் நாடு முழுவதும் இருண்டுவிடும் என்பதால், பகுதி பகுதியாக முன்கூட்டியே துண்டித்தார்கள். முதல் நிலை என்றால் 1000 மெகாவாட் வெட்டு, ஆறாம் நிலை என்றால் 6000. அன்று சரியாக 6 மணிக்கு மின்சாரம் வந்தது. தெருவே கோவிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தது. ஏழெட்டு நிமிடங்களில் மூலையிலிருந்து பட்டென்று ஒரு சத்தம். தெரு மறுபடியும் இருட்டு. மின்மாற்றியின் ஃபியூஸ் போய்விட்டது. ஆண்ட்டி சலித்துக்கொள்ளக்கூட இல்லை. "எல்லாரும் ஒரே நேரத்தில் கீசர் போட்டால் இப்படித்தான், கண்ணு. நான் கரண்ட் வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் போடுவேன்," என்றார்.

இங்கே கீசர் என்பது நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்கும் சின்னப் பெட்டி இல்லை. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே படுத்திருக்கும் 150 லிட்டர் தொட்டி. உள்ளே பெரும்பாலும் 3 கிலோவாட் சூடேற்றி. அதில் நிறைந்த நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் செலவாகும், இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். ஒரு தெருவில் 40 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நேரத்தில் ஆளுக்கொரு நேரத்தில் குளிப்பதால் பத்துக் கீசர்கள் ஓடினால் அதிகம்; 30 கிலோவாட். இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்று, தொட்டியில் இருந்த சுடுநீரையும் எல்லாரும் செலவழித்துவிட்டால், மின்சாரம் வந்த நொடியில் நாற்பதும் ஒன்றாக ஓடத் தொடங்கும், 120 கிலோவாட். மூன்று நாள் மூடிக் கிடந்த ரேஷன் கடையை நான்காம் நாள் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான். கூட்டம் புதிதாக வந்ததன்று. வழக்கமாகச் சிதறி வரும் அதே மக்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். கீசர்களைத் தொலைவிலிருந்தே நிறுத்தவும் ஓட்டவும் நகராட்சிகள் பொருத்தும் சிற்றலை ரிலேக்கள் இந்நாட்டில் நெடுங்காலமாக இருக்கின்றன. அப்படியானால் மின்சாரம் திரும்பும்போது அவற்றை எந்த இடைவெளியில், எந்த வரிசையில் விடுவிப்பது? இதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். நெறியாளர் பென்சிலை எடுக்கவில்லை.

அளவிடுவது சுலபம் என்று நினைத்தேன். ஆறு வீடுகளின் டிபி போர்டுக்குள், அதாவது மின்பகிர்வுப் பெட்டிக்குள், கீசர் கம்பியின் மேல் ஒரு மின்னோட்ட அளவியைக் கவ்வவிட்டால் போதும். ஆனால் மனிதர்களின் வீட்டுக்குள் நுழைகிற எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒரு வீட்டில் எப்போது குளிக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்போது வீடு காலி என்பதையெல்லாம் அந்த மின்னோட்டமே சொல்லிவிடும் என்பது, படிவத்தை நிரப்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வாரங்கள் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு நியாயமானது என்றே இப்போதும் சொல்வேன். ஒப்புதல் படிவத்தில் ஆண்ட்டி கையெழுத்தைத் தமிழில் போட்டார். கோவில் திண்ணையில் நடந்த மாலை வகுப்பில் சிறுவயதில் கற்றதாம். அவருக்கு எழுதத் தெரிந்த தமிழ் அவர் பெயர் மட்டுமே. இரண்டாவது எழுத்தின் கொம்பை எந்தப் பக்கம் போடுவது என்று ஒரு கணம் பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசித்தார்.

அக்டோபர் இறுதியில் அளவிகள் ஓடத் தொடங்கின. 2024 மார்ச் 26 அன்று மின்வெட்டு நிறுத்தப்பட்டது. நாளாக நாளாக அது திரும்ப வராது போலத் தோன்றியது. நாடே மகிழ்ந்த அந்த நாட்களில், தரவு இல்லாமல் புலம்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். அதைவிடப் பெரிய பழுது, கையில் இருந்த 31 மின்வெட்டுப் பதிவுகளும் கோடைக்காலத்தவை. குழாய் நீர் குளிர்ந்து கீசர்கள் அதிகம் உழைக்கும் குளிர்காலப் பதிவு ஒன்றுகூட இல்லை. நெறியாளரிடம் போனால் 'ஜஸ்ட் நவ்' பார்க்கலாம் என்றார். இந்த ஊரில் அதற்கு 'இப்போதே' என்று பொருளில்லை. அது மாலையாகவும் இருக்கலாம், மறுநாளாகவும் இருக்கலாம். மறுநாள் அவர் சொன்ன யோசனை எளிமையானது: மின்வெட்டு வராவிட்டால் நாமே செய்துகொள்வது. நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி பெற்று, ஜூலையில் ஐந்து வீடுகள் குறித்த நாட்களில் இரண்டு மணி நேரம் கீசர் சுவிட்சைத் தாமே அணைத்து வைத்தன. ஆறாவது வீட்டில் கைக்குழந்தை. நாங்கள் கேட்கவே இல்லை. அணைக்கும் நேரத்தை மற்ற வீடுகளுக்குத் தொலைபேசியில் நினைவூட்டும் பொறுப்பை ஆண்ட்டியே எடுத்துக்கொண்டார்.

டிசம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். பொதுவாக இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள். ஒருவராவது வெளிப் பல்கலைக்கழகத்தவராக இருப்பார். முதுநிலைக்குப் பெரும்பாலும் நேர்முகத் தேர்வு கிடையாது, அறிக்கைதான் வரும். எனக்கு வந்த அறிக்கையில் பாராட்டு இரண்டு வரி, திருத்தங்கள் பதினொன்று. நான்காவது திருத்தம் இது: "எல்லா வீடுகளிலும் வெப்பநிலை 60 டிகிரி என்று கொண்டுள்ளீர்கள். பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. மார்ச் மாதப் புழுக்கத்தில் ஏணி வைத்து, உட்கூரைக் கதவைத் தள்ளி, பதினேழு மாதங்களாக நான் அளந்துகொண்டிருந்த அந்தத் தொட்டியின் அருகே முதன்முறையாக ஊர்ந்து போனேன். மூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றி டார்ச் அடித்தால், வெப்பநிலையை அமைக்கும் முள் 70இல் நின்றது. தொட்டியை ஒருமுறை சூடேற்ற ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட் அதிகம். நான் போட்ட இடைவெளிகளும் மாறும்.

"எவ்வளவு, கண்ணு?" என்று ஏணிக்குக் கீழிருந்து ஆண்ட்டி கேட்டார்.

"எழுபது, ஆண்ட்டி."

"அறுபதுக்கு இறக்கு. பில் குறையட்டும்."

முதலில் புகைப்படம் எடுத்தேன், பிறகு இறக்கினேன். அடுத்த ஐந்து வீடுகளுக்கு மறுநாள் ஏணியை இரவல் கேட்டிருந்தேன்.