உரிமையை எழுதிக் கொடுத்தால் பராமரிப்புத் தொகை நின்றுவிடுமா?

பிப்ரவரி 5

அமெரிக்காவில் விவாகரத்துப் பெற்று மகளைத் தனியாக வளர்த்துவரும் தோழி ஒருத்தி, முன்னாள் கணவர் அனுப்பிய கடிதத்தை இன்று என்னிடம் காட்டினாள். தந்தை என்ற உரிமை அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், பதிலுக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் பராமரிப்புத் தொகையை நிறுத்த அவள் சம்மதிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். "காசு போனாலும் பரவாயில்லை, நிம்மதியாவது கிடைக்குமே அக்கா" என்றாள். வழக்கு, வாய்தா என்று அலைந்து ஓய்ந்துபோன அவளுடைய களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தொகை மகளுக்குச் சேர வேண்டியது. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் கிடையாது.

பிப்ரவரி 8

இருவரும் மனமொத்துக் கையெழுத்திட்டாலும் அந்தத் தாள் தானாகச் செல்லாது. பெற்றோர் உரிமையை நீக்கும் ஆணையை நீதிமன்றம்தான் பிறப்பிக்க வேண்டும். பணம் கட்டுவதிலிருந்து தப்பிப்பதே நோக்கம் என்று தெரிந்தால், நீதிபதிகள் பொதுவாக அதற்கு இசைவதில்லை. பிள்ளைக்கு இரண்டு பேரின் ஆதரவு இருக்கும்போது ஒன்றைக் காரணமில்லாமல் பறிக்கக் கூடாது என்பதும், அந்தக் குடும்பம் அரசின் உதவித்தொகையை நாட வேண்டிய நிலை வரலாம் என்பதும் அவர்கள் கணக்கில் கொள்பவை. அப்படி உதவித்தொகை பெறும் குடும்பத்தில், பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் உரிமை மாநில அரசின் கைக்குப் போய்விடுகிறது. "எனக்கு வேண்டாம்" என்று தாய் சொன்னாலும் அரசு விடாது.

மாற்றாந்தந்தை தத்தெடுக்க முன்வந்தால் நிலைமை வேறு. தத்து முடிந்ததும் புதிய தந்தை முழுப் பொறுப்பையும் ஏற்பதால், பழைய தந்தையின் எதிர்காலக் கடமை முடிகிறது. என் தோழி மறுமணம் செய்யவில்லை. எனவே அந்த வழியும் இல்லை.

பிப்ரவரி 13

மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் வழங்கிய தீர்ப்பு ஒன்றைப் பற்றி இன்று படித்தேன். நீதிமன்றமே ஒருவரின் பெற்றோர் உரிமையைப் பறித்த வழக்கு அது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது, கட்டுப்படுத்துவது, அதன் உழைப்புக்கும் வருவாய்க்கும் உரிமை கோருவது ஆகியவற்றையே சட்டம் பெற்றோர் உரிமை என வரையறுக்கிறது. பராமரிக்கும் கடமை அந்தப் பட்டியலில் இல்லாததால், உரிமை போனாலும் கடமை நிற்கிறது என்று நீதிபதிகள் கூறினர். எல்லா மாநிலங்களும் இவ்வழியில் செல்வதில்லை. உரிமை நீங்கிய நாளோடு எதிர்காலக் கடமையையும் முடித்துவிடும் மாநிலங்கள் உண்டு. எனக்கு மிச்சிகனின் வாதமே நியாயமாகப்படுகிறது, ஏனெனில் தந்தையின் உரிமை போவதால் பிள்ளையின் பசி குறைந்துவிடுவதில்லை.

பிப்ரவரி 19

முன்னாள் கணவர் தரப்பில் பல மாத நிலுவை இருப்பதாகத் தோழி இன்றுதான் சொன்னாள். உரிமை நீங்கினாலும், மகள் தத்துப் போனாலும், பழைய பாக்கி அழியாது என்பதே பொதுவான நிலை. 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒவ்வொரு தவணையும் கெடுநாள் கடந்த உடனே தீர்ப்புக் கடனாகிவிடுகிறது, அதாவது நீதிமன்றம் தீர்ப்பளித்த கடனுக்குச் சமமாகிவிடுகிறது. பின்தேதியிட்டு அதைக் குறைக்க நீதிபதிக்கும் அதிகாரமில்லை. திவாலானாலும் அது தள்ளுபடியாகாது. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம்.

அவருக்கு வேலை போய்விட்டதாகவும் தெரிகிறது. அப்படியானால் அவர் கேட்க வேண்டியது தொகையைக் குறைக்கும்படிதான். மனு பற்றிய அறிவிப்பு எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து மட்டுமே குறைப்பு நடைமுறைக்கு வர முடியும் என்பதால், அவர் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய கணக்கிலேயே கடன் ஏறும்.

பிப்ரவரி 21

தோழி அவருக்குப் பதில் எழுதினாள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்றும், வருமானம் குறைந்திருந்தால் ஆதாரங்களோடு உடனே மனுச் செய்யலாம், நியாயமான குறைப்பைத் தான் எதிர்க்கப் போவதில்லை என்றும், மகளைப் பார்க்க முன்புபோல் வரலாம் என்றும் குறிப்பிட்டிருக்கிறாள். கடைசி வரியைச் சேர்க்கும்படி நான் சொல்லவில்லை, அவளாகவே எழுதினாள். அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.