குளோரின் 3 காட்டுகிறது, தண்ணீர் ஏன் பச்சை?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத் தோப்பு வீடுகளில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களின் புகார் பெரும்பாலும் இதுதான். கடையில் கேட்டால் "இன்னும் ரெண்டு மாத்திரை போடுங்க" என்பார்கள். பச்சைக்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம்.

அந்த வெள்ளை மாத்திரையின் பெயர் டிசிசிஏ 90. குளோரினோடு அதில் சயனூரிக் அமிலமும் உண்டு. ஸ்டெபிலைசர் என்று சொல்வது இதைத்தான். வெயிலில் குளோரின் வீணாகாமல் காப்பாற்றும். 30 முதல் 50 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை நல்லது. ஆனால் குளோரின் தினமும் செலவாகும், இது செலவாகாது, ஆவியாகவும் போகாது. 50,000 லிட்டர் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் குளோரின் 3.6, ஸ்டெபிலைசர் 2.2 பி.பி.எம். ஏறும். தினம் ஒன்று போட்டால் ஸ்டெபிலைசர் மாதத்துக்கு 66! ஸ்டெபிலைசர் கூடக் கூடக் குளோரினின் வேகம் குறையும். அதனால் ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதமாவது குளோரின் நிற்க வேண்டும்: 40 இருந்தால் 3 போதும், 120 இருந்தால் 9 வேண்டும். அங்கே 3 இருந்து என்ன பயன்? பாசி பிடித்துப் பச்சையாகும்.

ஏறிப்போன ஸ்டெபிலைசரைக் குறைக்க நம்பகமான மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். 120ஐ 40க்குக் கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கு வெளியேற வேண்டும். கோடையில் இந்தப் பக்கம் அது நடக்கிற காரியமா? இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் ஓரடி இறக்கி வையுங்கள். ஒன்றரை மீட்டர் ஆழக் குளத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. மழையில் நிரம்பியதும் மறுபடி இறக்கலாம். மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளித் தொட்டியையே தூக்கிவிடும். மழைநீரில் காரத்தன்மை இல்லை. அளந்து பார்த்து 80க்குக் கீழே போயிருந்தால், அதே 50,000 லிட்டர் குளத்தில் ஒவ்வொரு 10 பி.பி.எம். ஏற்றவும் 840 கிராம் ஆப்பச்சோடா.

அதன்பின் திரவ குளோரினுக்கு மாறிவிடுங்கள். அந்தக் குளத்தில் 10 சதவீதத் திரவம் அரை லிட்டர் ஊற்றினால் 1 பி.பி.எம். ஏறும். பொழுது சாய்ந்தபின், பம்ப் ஓடும்போது ஊற்றுங்கள். வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், கொஞ்சமாக வாங்குவதே மேல். பிளீச்சிங் பவுடர் மலிவுதான். ஆனால் நம் போர் தண்ணீரில் ஏற்கனவே இருக்கும் சுண்ணாம்போடு அதன் சுண்ணாம்பும் சேர்ந்து டைல்ஸில் வெள்ளையாகப் படியும். பி.எச். 7.8ஐத் தாண்டினால் படிவு இன்னும் வேகம். அப்போது ஆசிட்டைக் கால் லிட்டராக ஊற்றி, நாலு மணி நேரம் பம்ப் ஓட்டி, மறுபடி அளங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே நேரத்தில் கூடாது, விஷவாயு வரும்.

குளோரின் அளக்கும் கிட்டில், மஞ்சள் நிறம் காட்டுவது வீரியம் போன குளோரினையும் சேர்த்து மொத்தத்தைத்தான் சொல்லும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள். அதிலும் ஒரு சிக்கல்: குளோரின் மிக அதிகமானால் நிறம் வெளுத்து, குளோரினே இல்லாததுபோல் தெரியும். சந்தேகம் வந்தால் பாதி போர் தண்ணீர் கலந்து சோதித்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

மிஞ்சிய மாத்திரையைப் பிளீச்சிங் பவுடர் இருந்த வாளியில் போட்டு வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.