‘அனுப்பி வைக்கிறேம்மா’

“நீங்க அனுப்பிட்டீங்களா சார்?”

எங்கள் பத்திரிகையில் பக்கத்துக்கு லே-அவுட் செய்துகொண்டிருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்ட கேள்வி இது. குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது என்றே இன்றும் நம்புகிறேன். பக்கத்தின் அடியில் தனிக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போடச் சொல்லி நான் கொடுத்திருந்த வரியைப் படித்தார். படித்ததும் ஏதோ ஞாபகம் வந்தது, கேட்டுவிட்டார். “அது வேற” என்றேன். “ம்” என்றார். கட்டத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். பக்கம் அச்சுக்குப் போகிற நேரம். அதைப் பற்றி அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

எது வேற? ஐந்து மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கட்டத்துக்குள் இருந்த வரி இது: ‘ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொன்னவர், கடைசிவரை அனுப்பவே இல்லை.’

சொன்னவர் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங். காத்திருந்தவர் அவர் எடுத்த படத்தில் இருக்கும் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் முழுக்கத் தெரிந்த படம். கன்னத்தில் கை, எங்கோ பார்க்கும் கண்கள், இரண்டு தோளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கும் பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்தது. உறைபனியில் பயிர் போய்விட்டது. பறிக்க ஒன்றுமில்லை, அதனால் கூலியும் இல்லை. லாங் அரசாங்கத்துக்காகப் படமெடுப்பவர். ஒரு மாத வேலையை முடித்துவிட்டு மழையில் வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தார். முகாமின் பெயர்ப்பலகையைத் தாண்டி 20 மைல் போன பிறகும் மனசு கேட்கவில்லை, வண்டியைத் திருப்பினார். முகாமில் இருந்தது பத்து நிமிடம். தூரத்தில் தொடங்கி ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் போனார். முதல் படத்தில் கூடாரமும், ஆடும் நாற்காலியில் மூத்த மகளும் இருப்பார்கள். கடைசிப் படத்தில் மற்றதெல்லாம் விலகி அந்த முகமும் ஒட்டி நிற்கும் பிள்ளைகளும் மட்டும்.

சில நாளிலேயே சான் பிரான்சிஸ்கோவின் ஒரு செய்தித்தாளில் அங்கே எடுத்த படங்கள் வந்தன. அரசு 20,000 பவுண்டு உணவுப் பொருளை அந்த முகாமுக்கு அனுப்பியது. அது போய்ச் சேர்ந்தபோது ஃபுளோரன்ஸும் பிள்ளைகளும் அங்கே இல்லை. வேலை தேடி வாட்சன்வில் பக்கம் போயிருந்தார்கள்.

படத்தில் இருப்பவர் யார் என்று 42 வருடம் யாருக்கும் தெரியாது. 1978-இல் மொடெஸ்டோ நகரத்து நிருபர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்தபோது அந்த அம்மா சொன்னதன் சாரம்: என்னை அவர் படமெடுக்காமலே இருந்திருக்கலாம். அதனால் எனக்கு ஒரு காசு வரவில்லை. என் பேரைக்கூடக் கேட்கவில்லை. விற்க மாட்டேன் என்றார். ஒரு காப்பி அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை.

இதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். கோபத்தோடு எழுதினேன். அந்தப் பக்கத்தை நன்றாக எழுதியிருந்தேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

லே-அவுட் பெண் ஞாபகம் வைத்திருந்தது நான் எடுத்த தூத்துக்குடி உப்பளப் படத்தை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரே லே-அவுட் செய்த பக்கம் அது. ‘படத்துல இருக்கிற அம்மா ஒரு காப்பி கேட்டாங்க, அனுப்பணும்’ என்று அன்றைக்கு நான்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உப்பளத்தில் நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டிய படம். ஏறிவிட்டால் தரையெல்லாம் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியாது. அந்த அம்மா தலையில் உப்பைச் சுமந்து பாத்தி வரப்பில் போய்வந்துகொண்டிருந்தார். நான் வரப்பில் குப்புறப் படுத்து அவர் கால்களை எடுத்தேன். பழைய சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு, சாக்ஸ் கிழிந்த இடத்தில் வெடித்து வெளுத்துப்போன குதிகால். பின்னால், மங்கலாக, முதுகு வளைந்த உருவம். எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது, இதுதான் படம் என்று.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, “தம்பி, என்னய நேரா நிக்க வச்சு ஒண்ணு எடுங்க” என்றார். குடிக்க வைத்திருந்த கேனிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினார். உப்பளத்தில் குடிதண்ணீர் என்ன விலை என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். சும்மாட்டுத் துணியைப் பிரித்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு நின்றார். எடுத்தேன், ஒன்றோ இரண்டோ. “இதுல ஒண்ணு எனக்குத் தருவீயளா? வீட்ல என் படம்னு ரேசன் கார்டுல உள்ளதுதான்.”

“அனுப்பி வைக்கிறேம்மா.”

நான் சொன்ன வார்த்தை அதுதான். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லே-அவுட் பெண்ணின் கேள்விக்குப் பிறகு முதல் இரண்டு நாள் நான் செய்த காரியம், லாங்குக்காக வாதாடியது. எனக்குள்ளேயேதான். அவர் எடுத்த நெகட்டிவ்கள் அவருடையவை இல்லை, அரசுடையவை. வாஷிங்டனுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. இன்றைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே ஃபுளோரன்ஸுக்குக் காசு வராததற்கு லாங் பொறுப்பில்லை. அடுத்தது, இருவர் நினைவும் பல இடத்தில் ஒத்துப்போகவில்லை. கார் டயரை விற்றுச் சாப்பாடு வாங்கியதாக ஃபுளோரன்ஸ் தன்னிடம் சொன்னார் என்று 1960-இல் லாங் எழுதினார். விற்க எங்களிடம் வேறு டயரே இல்லை, இருந்த டயரில்தான் அங்கிருந்து கிளம்பிப் போனோம் என்றார் ஃபுளோரன்ஸின் மகன். லாங் பொய் சொன்னதாக அவரும் நினைக்கவில்லை. வேறு யாரோ சொன்ன கதையை எங்கள் கதையோடு குழப்பிக்கொண்டிருப்பார் என்றார். தினமும் பத்துப் பேரைப் படமெடுத்து, பத்துக் கதை கேட்டு, ராத்திரி தங்குமிடத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதியிருந்தால் தெரியும், அது எவ்வளவு எளிதாக நடக்கும் என்று. எனக்கு நடந்திருக்கிறது. அப்படியானால் காப்பி விஷயத்தில் ஃபுளோரன்ஸின் நினைவும் குழம்பியிருக்கலாம் அல்லவா?

இன்னொரு வாதமும் வைத்தேன். இருவரும் ஒத்துப்போகிற ஒரு விஷயம் உண்டு, பெயர் கேட்கப்படவில்லை. லாங்கே எழுதியிருக்கிறார், அவர் பெயரையும் கேட்கவில்லை, கதையையும் கேட்கவில்லை என்று. பெயரே கேட்காதவர் காப்பியை யார் பெயருக்கு அனுப்புவார்? ஆகவே அப்படி ஒரு வாக்கே கொடுத்திருக்க மாட்டார். இந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வக்கீல் வாதம் மாதிரி இருந்தது. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது தோன்றியது அது. சைதாப்பேட்டை தாண்டியிருக்காது, அடுத்த நினைப்பு வந்து அதைக் கவிழ்த்துவிட்டது.

அந்த அம்மாவிடம் நானும் முகவரி கேட்கவில்லை. பெயர் கேட்டேனா? நோட்டுப் புத்தகத்தில் இல்லை. படத்தின் கீழே ‘உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி’ என்றுதான் போட்டோம். முகவரி வாங்காமலேதான் நான் ‘அனுப்பி வைக்கிறேம்மா’ என்று சொல்லியிருக்கிறேன், முழு மனசோடு. லாங்கும் அப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புகழ்பெற்ற படங்களைப் பற்றி நான் எழுதும் இதே தொடரில் ஒருமுறை மோனாலிசா பற்றி எழுதினேன். ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரி ஃபிரான்செஸ்கோ தெல் ஜொகோண்டோவின் மனைவி லிசா கெரார்தினி. 1503-இல் லியனார்டோ டாவின்சி அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தார் என்பதற்கு, பழைய புத்தகமொன்றின் ஓரத்தில் ஓர் அதிகாரி எழுதிவைத்த குறிப்பு 2005-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நூலகத்தில் கிடைத்தது. அந்தப் படம் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. லியனார்டோ தன்னோடே பிரான்ஸ் வரைக்கும் எடுத்துப்போய்விட்டார். ‘கலைஞனால் பிரிய முடியாத படம்’ என்று நான் அதை உருகி உருகி எழுதியிருக்கிறேன். லிசா தன் வீட்டுச் சுவரில் அதற்கு இடம் பார்த்து வைத்திருப்பாளோ என்று ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை. லியனார்டோ கொடுக்காதது மேதைமை, லாங் கொடுக்காதது துரோகம் என்று நானே இரண்டு தராசு வைத்திருந்திருக்கிறேன். என்னுடையதை எந்தத் தராசில் வைப்பது?

அந்தக் கேள்வி வந்த ராத்திரியே நான் அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கம் போவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. “கட்டம் வேண்டாம், வரியை உள்ளேயே ஓட விடுங்க. நெகட்டிவ் அரசாங்கத்தோடதுன்னு ஒரு வரி சேருங்க” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எடிட்டிங் பார்வையில் அது சரியான திருத்தம். ஒருதலைப்பட்சமாக இருந்த பக்கம் நடுநிலைக்கு வந்தது. வேறு யாராவது அந்த வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தாலும் அதையே செய்யச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி வந்திருக்காவிட்டால் நான் செய்திருப்பேனா? செய்திருக்க மாட்டேன். அப்படியென்றால் என் கைப்பிழையை மறைக்க ஃபுளோரன்ஸின் குரலைச் சின்ன எழுத்தாக்கிவிட்டேனா? இரண்டும் உண்மையாக இருக்குமோ என்னவோ.

பக்கம் போன பிறகுதான் அந்தக் கட்டைவிரலைப் பற்றி நினைத்தேன். மூலப் படத்தில் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரியும். கண்ணை இழுக்கிறது என்று லாங்குக்கு அது உறுத்தியது. சில வருடம் கழித்து நெகட்டிவிலேயே அதைத் திருத்த வைத்தார். அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய பிரிண்ட்டில் உற்றுப் பார்த்தால் அந்த விரலின் மங்கிய நிழல் இப்போதும் இருக்கிறது. ஒரு விரலுக்காக நெகட்டிவ் வரை போகத் தெரிந்தவருக்கு, செய்தித்தாளுக்கு உடனே பிரிண்ட் கொடுக்க முடிந்தவருக்கு, ஒரு பிரிண்ட் அனுப்ப வழியில்லையா? நெகட்டிவ் அரசுடையது என்று நான் சேர்த்த வரி எவ்வளவு நொண்டி என்று அப்போது உறைத்தது.

நானும் அந்தக் குதிகால் படத்துக்காக ஒரு முழு மதியம் உட்கார்ந்திருக்கிறேன், வெள்ளை எரிந்துபோகாமல் உப்புப் பரல் தெரிய வேண்டும் என்று. நேராக நின்ற படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் சர்வரில் போட்டுவிட்டு மெமரி கார்டைக் காலி செய்தேன், அடுத்த நாள் வேறு வேலைக்கு. எல்லோரும் செய்வதுதான்.

போன மாதம் ஒரு பிரிண்ட் போட்டேன். 8-க்கு 12, மேட் பேப்பர். தூத்துக்குடி நிருபர் தம்பியிடம் கேட்டேன். அந்த அளத்துக்காரர்களைத் தெரியும், பக்கத்தைக் காட்டி விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம், நேரிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றார். சுலபமாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் முன்பும் இதே அளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

பிரிண்ட்டை லேபிலிருந்து வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தேன். வெடித்த குதிகால், கிழிந்த சாக்ஸ், வளைந்த முதுகு. முகம் சரியாகத் தெரியாது. அவர் கேட்டது இதுவா?

ஃபுளோரன்ஸின் மகள் ஒருவர், தோளில் முகம் மறைத்து நிற்கும் பிள்ளைகளில் ஒருவர், பெரியவரான பிறகு சொல்லியிருக்கிறார்: அந்தப் படத்தால் எங்களுக்கு வெட்கமாக இருந்தது, நாங்கள் யாரென்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றிருந்தோம் என்று. 1983-இல் அம்மா படுக்கையில் விழுந்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். 2,000-க்கும் மேல் கடிதங்கள் வந்தன. ஏறக்குறைய 35,000 டாலர் சேர்ந்தது. அதுவரை சாபம் மாதிரி இருந்த படம், அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் பெருமையாகத் தோன்றியது என்றார் மகன். அம்மா அந்த வருடமே இறந்துபோனார். கல்லறையில் ‘புலம்பெயர்ந்த தாய்’ என்றே பொறித்திருக்கிறார்கள். வெட்கப்பட்ட படம் கல்வெட்டானதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதங்கள் வந்திராவிட்டால்?

கேட்ட படம் இல்லை, இந்தப் படம்தான் இருக்கிறது. இதைக் கொடுத்தால் வாக்கைக் காப்பாற்றியதாகுமா, வேறு எதுவோ ஆகுமா? முகம் கழுவிக்கொண்டு நின்றவரின் கையில் அவருடைய குதிகாலைச் சட்டம் போட்டுக் கொடுப்பது. கொடுக்காமலே இருந்தால், அவர் நினைவில் நேராக நின்ற அந்தப் படமாவது எங்கோ இருக்கும். இப்படியும் நினைத்துப் பார்க்கிறேன். உடனே, இது சாக்கு என்றும் தோன்றுகிறது. நானே கேமராவோடு போய், இன்னொரு தரம் நேராக நிற்க வைத்து எடுக்கலாம். ஒரு ராத்திரி ரயில். அதற்கும் இந்த மாதம் வேலை இருக்கிறது.

நேற்று நிருபர் தம்பி போன் செய்தார். “அண்ணே, நாளைக்கு அளத்துப் பக்கம் ஒரு ஜோலியாப் போறேன். அந்தப் படத்தைக் கொரியர்ல போட்டுட்டீயளா?”

அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன் என்று சொன்னேன்.