நோட்டில் ஒரு கோடு: எமிலி டிக்கின்சன், 1830–1886

ஏப்ரல் 12

பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தேன். இடது பக்கம் உலகம், வலது பக்கம் அமெரிக்கக் கவிஞர் எமிலி. அவர் பிறந்ததும் இறந்ததும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிற்றூரில், அதுவும் ஒரே வீட்டில்.

போன வாரம் வாசகர் வட்டத்தில் ஒருவர் கேட்டார்: "வீட்டை விட்டே வெளியே வராத அம்மா. அவங்களுக்கு உலகத்தில நடந்தது என்ன தெரிஞ்சிருக்கும்?" அப்போது பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

இடது பக்கம் மளமளவென்று நிறைந்துவிட்டது. 1830 பாரிஸில் ஜூலைப் புரட்சி. 1837 விக்டோரியா அரியணை ஏறியது. 1844 மோர்ஸின் தந்தி. 1845 அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய். 1848 ஐரோப்பாவில் பல நாடுகளில் கிளர்ச்சி. 1857 நம் நாட்டில். 1859 டார்வின். 1861 அமெரிக்க உள்நாட்டுப் போர். முதல் குண்டு வெடித்தது இதே ஏப்ரல் 12ஆம் தேதிதான். 1869 சூயஸ் கால்வாய். 1883 கிரகடோவா எரிமலை.

வலது பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

ஏப்ரல் 14

முதலில் கிடைத்தது ரயில். 1853இல் ஆம்ஹெர்ஸ்டுக்கு ரயில் பாதை வந்தது. அதற்காக ஓடியாடி உழைத்தவர்களில் எமிலியின் அப்பா, வக்கீல் எட்வர்ட் டிக்கின்சனும் ஒருவர். அந்த ஜூன் மாதம் நியூ லண்டன் நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் ரயிலில் வந்து இறங்கிய விழாவை எமிலி தன் அண்ணன் ஆஸ்டினுக்கு எழுதியிருக்கிறார். அப்பா ஏதோ வெற்றி விழாவில் வரும் பழைய ரோமானியத் தளபதியைப் போல ஆட்களை நடத்திக்கொண்டு போனாராம். எமிலி மட்டும் ஒரு பேராசிரியருடைய தோப்பில் தனியாக உட்கார்ந்து, ரயில் புறப்பட்டுப் போவதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் வீட்டுக்கு ஒரே ஓட்டம், யாராவது கண்டு கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில். அப்போது அவருக்கு வயது 22.

பிறகு அந்த ரயிலே கவிதைக்குள் வருகிறது. மைல்களை நக்கிக் குடித்துக்கொண்டு, தொட்டிகளில் நின்று தீனி தின்று, கடைசியில் தன் லாயத்து வாசலில் வந்து நிற்கும் ஒரு மிருகமாக. ஒளிந்திருந்து பார்த்தாலும் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்!

ஏப்ரல் 15

1862ஆம் ஆண்டு இதே நாளில்தான் தாமஸ் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு எமிலி முதல் கடிதம் எழுதினார். என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டு, கூடவே நான்கு கவிதைகளையும் வைத்தார். கடிதத்தில் கையெழுத்து இல்லை. பெயரைத் தனியாக ஓர் அட்டையில் பென்சிலால் எழுதி, சின்ன உறை ஒன்றில் போட்டு உள்ளே வைத்திருந்தார்.

இந்தக் கதை ஏற்கெனவே தெரியும். ஆனால் இடது பக்கத்தில் அந்த வருடத்தைப் போட்ட பிறகுதான் தேதிகள் கண்ணில் பட்டன. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 14 அன்று, வட கரோலினாவில் நியூ பெர்ன் சண்டையில் பிரேசர் ஸ்டெர்ன்ஸ் செத்துப்போனான். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரித் தலைவரின் மகன்; ஆஸ்டினுக்கு நெருங்கிய நண்பன். அப்பா வந்து செய்தியைச் சொன்னபோது சொன்ன அதே வார்த்தைகளை ஆஸ்டினின் மூளை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று குடும்ப நண்பர் சாமுவேல் போல்ஸுக்கு எமிலி எழுதுகிறார். இரண்டு மூன்று ஈயச் சொற்கள், ஆழத்தில் விழுந்து கனத்துக்கொண்டே இருக்கின்றன என்கிறார். துப்பாக்கிக் குண்டும் ஈயம்தானே! இதைப் படித்த பிறகு நெடுநேரம் வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

போல்ஸ் யார் என்றால், 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்' நாளிதழின் ஆசிரியர். அந்தப் பேப்பர் டிக்கின்சன் வீட்டுக்குத் தினமும் வந்தது. உலகம் தெரியாதவராம்!

ஏப்ரல் 21

போரை விட்டு நகர முடியவில்லை. 1863இல் மட்டும் 295 கவிதைகள் என்கிறது, அவர் கவிதைகளைக் காலவரிசையில் தொகுத்த ஃபிராங்க்ளின் பதிப்பின் கணக்கு. வாழ்நாளில் மொத்தம் ஏறக்குறைய 1,800. அடிமை விடுதலைப் பிரகடனமும் கெட்டிஸ்பர்க் சண்டையும் அதே 1863தான். அந்த ஹிக்கின்சனே விடுதலை பெற்ற கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றுத் தென் கரோலினாவுக்குப் போய்விட்டார். 1864இல், காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட புருக்ளினில் நடத்திய 'டிரம் பீட்' பத்திரிகையில் எமிலியின் மூன்று கவிதைகள் பெயரில்லாமல் வெளிவந்தன.

ஒன்றை மறைக்காமல் வலது பக்கத்தில் எழுதினேன். அதே வருடம் ஆஸ்டினுக்குப் படையில் சேர அழைப்பு வந்தது. 500 டாலர் கொடுத்து, தனக்குப் பதில் வேறோர் ஆளை அனுப்பினார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இருந்தாலும் எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

நான் கரிசல் பக்கத்து ஆள் என்பதால் இன்னொரு வரியும் சேர்த்தேன். வடக்கின் கப்பற்படை தெற்குத் துறைமுகங்களை மறித்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து அடைபட்டது. இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறியது, திருநெல்வேலிப் பஞ்சுக்கும் சேர்த்துத்தான். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயில் எத்தனையோ பேர் திவாலானார்கள். பிரேசர் செத்த அதே போர்தான் எங்கள் பருத்திக்காட்டு விலையையும் ஏற்றி இறக்கியிருக்கிறது.

ஏப்ரல் 28

இன்று சமையலறை. எமிலி கைதேர்ந்த சமையல்காரி. அவருடைய கறுப்புக் கேக் குறிப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உலர்திராட்சை, பிராந்தி, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், 19 முட்டை.

"பத்தொம்பதா? கல்யாண வீட்டுக்காடா?" என்றார் அம்மா.

தேங்காய் கேக்கும் உண்டு. அந்தக் குறிப்பு எழுதிய தாளின் பின்பக்கத்திலேயே ஒரு கவிதை வளர்ந்திருக்கிறது. இன்னொரு துண்டை பிரெஞ்சு சாக்லேட் உறையின் பின்னால் எழுதியிருக்கிறார். பனி பொழியும் அந்த ஊரில் தென்னையும் கிடையாது, கிராம்பும் கிடையாது. எல்லாம் கப்பலேறி வந்தவை.

மே 5

1883க்கு நேரே கிரகடோவா என்று முன்பே எழுதியிருந்தேன். ஆகஸ்டில் வெடித்த சத்தம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. நவம்பர் கடைசியில் அந்த எரிமலைத் தூசியால் அமெரிக்காவின் வடகிழக்கிலும் அந்தி வானம் ரத்தச் சிவப்பானது; எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று சில ஊர்களில் தீயணைப்பு வண்டிகளைக் கூட்டினார்கள்.

வலது பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனதும் நின்றுவிட்டது. அக்டோபர் 5. ஆஸ்டினின் கடைக்குட்டி கில்பர்ட் டைஃபாய்டில் இறந்த நாள். எட்டு வயது. அடுத்த வீடுதான் என்றாலும் எமிலி பல வருடங்களாக அங்கே போனதில்லை. அன்று இரவு புல்வெளியைக் கடந்து போய் அவன் பக்கத்தில் இருந்தார். மருந்து நெடி தாங்காமல் விடியற்காலை மூன்று மணி வாக்கில் திரும்பியவர் படுத்த படுக்கையானார்.

கிரகடோவா என்று எழுதியதை அடித்துவிடவில்லை. பக்கத்தில் கில்பர்ட் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

மே 15

இன்று அவர் நினைவு நாள். கடைசிப் பக்கம்.

1845க்கு நேரே எழுதிய அயர்லாந்துப் பஞ்சத்துக்கு வலது பக்கத்தில் இத்தனை நாளாக ஒன்றும் எழுதாமல் இருந்தேன். அந்தப் பஞ்சமும் அதன் பின்விளைவும் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்களைக் கப்பலேற்றின. திப்பரேரியிலிருந்து அமெரிக்கா வந்தவர்களில் மார்கரெட் மாஹெரும் ஒருவர். 1869இல் டிக்கின்சன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் எமிலியோடு அதே சமையலறையில் கடைசிவரை.

எமிலி தான் சொன்னபடியே இறுதி யாத்திரை போனார். வீட்டில் வேலை பார்த்த ஆறு ஐரிஷ்காரர்கள் சவப்பெட்டியைச் சுமந்து, பின்வாசல் வழியாக, மஞ்சள் பூ பூத்த வயலைக் கடந்து இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள்.

தன் கவிதைத் தாள்களில் ஒரு பகுதியை எமிலி மார்கரெட்டின் டிரங்குப் பெட்டியில்தான் வைத்திருந்தார். 1845க்கு எதிரே அதை எழுதினேன்: மார்கரெட்டின் பெட்டி.

நாளைக்கு நோட்டை வாசகர் வட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.