மேரியன் ஊர் டீக்கன்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பா சபைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) என்றால் நானும் கூடப் போக வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்துத் தட்டில் அடுக்குவது என் வேலை. ஒன்று உடைந்தால் திட்டமாட்டார். மறுநாள் கணக்கு நோட்டில் மட்டும் எழுதி வைத்துவிடுவார்.

அப்பா எங்கள் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும். அங்கே டீக்கன் என்றால் குருப்பட்டத்துக்கு முந்தைய படி, அங்கி உண்டு. எங்களுக்கு அங்கியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. தமிழ் வேதாகமத்தில் அதற்கு இருக்கிற சொல் 'உதவிக்காரர்'. நாற்காலி போடுவார், காணிக்கை எண்ணுவார், சீக்காளி வீட்டுக்குப் போவார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார்.

இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கல்லறைக்கு முன்னால் நின்றபோது. செல்மாவிலிருந்து 14ஆம் எண் சாலையில் சுமார் 30 மைல் போனால் மேரியன். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா பிறந்து வளர்ந்த வட்டாரம். ஊருக்குச் சற்று முன்னால், சாலையோரமாக, ஜிம்மி லீ ஜாக்சனின் கல்லறை இருக்கிறது.

1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா பேரணியைப் பற்றிப் படித்தவர்களுக்கு அவர் ஒரு வரி: 'போலீஸ் சுட்டுக் கொன்ற இளைஞர்.' நானும் அந்த ஒரு வரியோடுதான் இருந்தேன். அவர் ஒரு டீக்கன் என்பது பிறகுதான் தெரிந்தது. மேரியனில் செயின்ட் ஜேம்ஸ் பாப்டிஸ்ட் சபையின் டீக்கன்களில் அவர்தான் மிக இளையவர். 1938 டிசம்பரில் பிறந்தவர். மரம் வெட்டி நாளுக்கு 6 டாலர் சம்பாதித்தார். அப்பா இல்லை. அம்மா வயோலா, தாத்தா கேஜர் லீ, நான்கு வயது மகள்.

ஒரு விஷயம். பாப்டிஸ்ட் சபையில் டீக்கனை மேலேயிருந்து யாரும் நியமிப்பதில்லை. சபையார்தான் ஓட்டுப் போட்டு எடுப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, பாஸ்டருக்கும் ஒன்றுதான். (என் அப்பாவுக்குக் கை தூக்காத இரண்டு பேர் யார் என்று அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியும்.) அப்படியென்றால் ஜிம்மி லீ ஓட்டு வாங்கி ஜெயித்தவர். சபைக்குள்ளே ஓட்டுப் போட்டவர், வாங்கியவர். வாசலைத் தாண்டி நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனால், கறுப்பர் என்பதால் வாக்காளர் பட்டியலில் பெயர்கூட எழுத மாட்டார்கள். பல தடவை முயன்றிருக்கிறார். எழுத்தறிவுத் தேர்வு, அரசியல் சட்டக் கேள்வி என்று ஏதாவது ஒன்று. எது சரியான பதில் என்பது பதிவாளரின் இஷ்டம். தள்ளாத வயதில் தாத்தாவையும் மரியாதையில்லாமல் விரட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் ஃபெடரல் நீதிபதிக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டார். ஒரு மரம்வெட்டி. எனக்கு அந்த இடத்தில்தான் டீக்கன் தெரிகிறார். உடைந்த கிண்ணத்தைக் கணக்கில் எழுதாமல் விடமுடியாத ஜாதி.

1965 பிப்ரவரி 18, இரவு. கிங்கின் இயக்கத்து ஊழியரான ஜேம்ஸ் ஆரஞ்சைப் பிடித்து மேரியன் சிறையில் போட்டிருந்தார்கள். சயன் மெதடிஸ்ட் கோயிலில் கூடியவர்கள் சிறை வரைக்கும் நடந்துபோய், வெளியே நின்று பாடிவிட்டு வருவதாகத் திட்டம். கூப்பிடு தூரம்தான். வழியிலேயே போலீஸ் மறித்தது. தெருவிளக்குகள் அணைந்தன. தடி சுழன்றது. படம் பிடிக்க வந்த என்.பி.சி. நிருபர் ரிச்சர்ட் வலேரியானியின் மண்டையையும் உடைத்தார்கள்.

ஜிம்மி லீயும் அம்மாவும் தாத்தாவும் கோயிலுக்குப் பின்னால் இருந்த மேக்ஸ் கஃபேக்குள் ஓடினார்கள். மாநிலப் போலீஸும் உள்ளே புகுந்தது. 82 வயதுக் கிழவரை அடித்தார்கள். தடுக்கப்போன வயோலாவை அடித்தார்கள். அம்மாவை மறைக்கக் குறுக்கே பாய்ந்த மகனை, சிகரெட் விற்கும் இயந்திரத்தோடு சேர்த்துத் தள்ளினார்கள். ஜேம்ஸ் பொனார்ட் ஃபவுலர் என்ற மாநிலப் போலீஸ்காரர் வயிற்றில் சுட்டார். கையில் ஒரு குச்சிகூட இல்லாத ஆளை. வெளியே தள்ளாடி வந்தவரை அங்கேயும் அடித்தார்கள்.

செல்மாவில் குட் சமாரிட்டன் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தார். மாநிலப் போலீஸ் தலைவர் ஆல் லிங்கோ அங்கே வந்து, படுத்திருந்தவரிடம் கைது வாரண்டை நீட்டினார். கிங்கும் பார்க்க வந்தார். 26ஆம் தேதி ஜிம்மி லீ இறந்துபோனார். வயது 26.

மார்ச் 3 அடக்கம். கிங் பிரசங்கம் பண்ணினார். இந்தப் பெட்டியை மாநிலத் தலைநகர் மான்ட்கமரிக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கவர்னர் வாலஸின் வாசல்படியில் வைப்போம் என்று மேரியன்காரர்கள் கொதித்தார்கள். பெட்டி இங்கேயே மண்ணுக்குள் போனது, மான்ட்கமரிக்கு நடந்துபோகும் யோசனை மட்டும் நிலைத்தது. மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் உலகம் பார்த்த அடி அதனால் வந்ததுதான். அதே மாதம் 21ஆம் தேதி மறுபடி கிளம்பிய பேரணியில் கேஜர் லீ முன்வரிசையில் நடந்தார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. கிழவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்.

ஃபவுலர் மேல் 2007 வரை ஒரு வழக்குகூட இல்லை. 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் தண்டனை; ஐந்தாவது மாதமே வெளியே வந்துவிட்டார். இதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கல்லறைக் கல்லில் சின்னச் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தது. மழையாலோ வெயிலாலோ இருக்கும் என்று நினைத்து விரலை வைத்துப் பார்த்தேன். இல்லை. செத்தவர் கல்லைக் குறிபார்த்தும் சுட்டிருக்கிறார்கள். என் சுண்டுவிரல் நுனி ஒரு குழியில் பொருந்தியது.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சட்டம், பேரணி, கவர்னர் இதெல்லாம் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் கேட்டார்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை திருவிருந்துத் தட்டை யாரும்மா எடுத்தா?"