தெர்மாமீட்டரில் ஏறாத சூடு

கடந்த மார்கழியில் ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், போர்வையை உதறிவிட்டு எழுந்து ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சிலிருந்து கிளம்பிய அனல் கழுத்து, காது என்று ஏறி, நைட்டி முதுகோடு நனைந்து ஒட்டிக்கொண்டது. கணவரோ கழுத்துவரை போர்த்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சலோ என்று தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைத்துப் பார்த்தேன், 98.2 காட்டியது. சற்று நேரத்தில் வியர்வை ஆறியதும், உதறிய போர்வையைத் தேடும் அளவுக்குக் குளிரெடுத்தது.

"உடம்பில் சூடு ஏறிவிட்டது, வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடு" என்றார் என் மாமியார். எனக்கு வயது 48. மாதவிடாய் ஓராண்டாகவே முறை தவறி வந்துகொண்டிருந்தது.

உடம்பில் உண்மையில் சூடு ஏறுவதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். உடலின் வெப்பநிலையைக் காப்பது மூளையிலுள்ள ஹைபோதலாமஸ். அங்குள்ள சில நரம்பணுக்களை அடக்கி வைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் குறையும்போது அவை அளவுமீறித் தூண்டப்பட, இம்மியளவு வெப்ப மாற்றத்தையும் மூளை பெருங்கொதிப்பாக எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. இந்த நரம்பணுக்களின் தூண்டலைத் தடுக்கும் பெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது.

ஹார்மோன் சீராகக் குறைந்துகொண்டே வரும் என்று நினைத்திருந்தேன், அப்படியும் இல்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சில மாதங்களில் வழக்கத்தைவிட எகிறுகிறது. கருமுட்டை வெளிப்படாத மாதங்களில், அதைச் சமன்செய்யும் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனோ சுரப்பதில்லை. அதனால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் மொத்தமாக உதிர்கிறது. இரண்டு மாதம் எட்டிப்பார்க்காமல், மூன்றாம் மாதம் பன்னிரண்டு நாள் கொட்டித் தீர்த்து, என் ஹீமோகுளோபினை 8.6க்கு இறக்கிய கதை இதுதான். ஒரே ஒரு நாள் ரத்தம் எடுத்து ஹார்மோன் அளவைப் பார்ப்பதால் இந்த வயதில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. அதற்குச் செலவழித்த பணம் வீண்.

எலும்புத் தேய்மானம் இப்படிச் சத்தம் போடுவதில்லை. எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் கடிவாளம். மாதவிடாய் நிற்பதையொட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. என் அம்மா 58 வயதில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது நாங்கள் எல்லோரும் தரையில் பதித்த டைல்ஸைத்தான் திட்டினோம்.

குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயம், 2002இல் அமெரிக்க ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவியது. அறுபது வயதுக்குட்பட்ட, மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்திராத பெண்களில் பெரும்பாலோருக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் தீமையைவிட நன்மையே அதிகம் என்பதே இன்று மருத்துவர்களின் பொதுவான கருத்து. மாதவிடாய் ஓராண்டு முழுவதும் நின்றிருந்து மறுபடி ரத்தம் பட்டால் மட்டும், ஒரு சொட்டானாலும், மருத்துவரிடம் போகக் காத்திருக்கக் கூடாது.

மாமியாரிடம், "உங்களுக்கு எப்படி இருந்தது அத்தை?" என்று கேட்டேன். அப்போது விறகடுப்புதான் என்பதால் எல்லாம் அடுப்பு வெக்கை என்றே நினைத்துக்கொண்டாராம். "ஆனால் ராத்திரியில் அடுப்பு ஏது?" என்று அவரே கேட்டுவிட்டு, வெந்தயத்தைக் களைய ஆரம்பித்தார்.